நீ கேட்கும் வண்டி ஷெட்டில் இல்லை

கயல்விழிக்கு,

வழக்கமாக நான் எழுதினால் மழை பெய்ததா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்றுதான் ஆரம்பிப்பேன். இன்று அதெல்லாம் வேண்டாம். நேராக விஷயத்துக்கு வராவிட்டால் கடைசி வரை வராமலேயே முடித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். "அப்பா, நம்ம வண்டிய இங்க கொண்டு வர வழி இருக்காம்ப்பா. நானே இங்க போக்குவரத்து ஆபீஸ்ல போய் விசாரிச்சேன். எனக்காக மாத்தின வண்டி, வருஷக்கணக்கா நானே ஓட்டினதுன்னா தனியா அப்ளை பண்ணலாமாம். அந்த ஏஜென்ட் சொன்னது தப்பு. ஜமால் அண்ணன்கிட்ட சொல்லி ஷெட்டுலேர்ந்து எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க." எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! நியூசிலாந்து போன இந்த ஏழு மாதத்தில் நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கயல், ஏஜென்ட் தப்பாகச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னது நான். வண்டி ஜமால் ஷெட்டில் இல்லை. நீ விமானம் ஏறுவதற்கு எட்டு நாள் முன்னாலேயே அதை வலங்கைமானில் ஒரு பெண்ணுக்கு விற்றுவிட்டேன்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஃபோனில் பேசினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் காகிதத்தை எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் நீ கேட்பாய், "வண்டிய வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறாங்களாப்பா?" என்று. "வைக்கிறாங்கம்மா" என்பேன். "தார்ப்பாய் போட்டு மூடியிருக்கா?" என்பாய். "மூடியிருக்கும்மா" என்பேன். அடுத்தவன் வீட்டுக்குப் போய்விட்ட வண்டிக்கு வாரா வாரம் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு மாணவனின் பிறந்த தேதியை ஒரு நாள் மாற்றி எழுதச் சொன்னால்கூடக் கோபப்பட்டவன். அந்த ஆள்தான் இவ்வளவு பொய்யையும் தடங்கலில்லாமல் சொன்னான் என்று நினைக்கும்போது எரிச்சலாக வருகிறது. உன் மேல் இல்லை. ஆனால் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். வரிகளில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்.

அந்த வண்டி எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். நான்தான் மறக்கப் பார்த்தேன். நீ தஞ்சாவூரில் காலேஜ் கடைசி வருடம். தினமும் சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் நீ இறங்குவாய், நான் மொபெட்டில் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போவேன். இடது காலில் காலிப்பர் மாட்டிக்கொண்டு அந்த மூன்று மைலை உன்னால் நடக்க முடியாது. ஐப்பசி மாதம், குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அடைமழை பிடித்துக்கொண்டது. நான் ஆபீசிலிருந்து நேரே அங்கே ஓடினேன். நெல்லை மூடினேன், ஓரத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தேன், பக்கத்துக் குவியலுக்கும் கை கொடுத்தேன். நாலரை மணி பஸ்ஸில் நீ வந்து இறங்குவாய் என்பது எனக்கு ஏழேகால் மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

போய்ப் பார்த்தால் சாத்தியிருந்த பூக்கடைப் பலகையில் நீ உட்கார்ந்திருந்தாய். முழங்கால் வரை நனைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கு ஏறப் படிக்கட்டு ஐந்து, கைப்பிடி கிடையாது. அதனால் நீ காலேஜை விட்டுக் கிளம்பும்போதிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாலு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறாய். நான் நெல்லைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நீ அழவில்லை, கோபிக்கவில்லை. மொபெட்டில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, எனக்கு வேலை கிடைச்சதும் மொதல்ல வண்டிதான் வாங்குவேன்" என்றாய். பால் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த ஒன்பதாம் மாதம் வாங்கினாய். உன் சம்பளம், உன் பெயர். மெக்கானிக் ஜமால் அண்ணன் அந்த ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தி, ஊன்றுகோல் வைக்க ஒரு கொக்கியும் பற்றவைத்துக் கொடுத்தார். முதல் நாள் நீ தனியாகத் தஞ்சாவூர் போய்விட்டு வந்து, வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்தாய். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் ஆறு வருடம், கயல், நீ எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போனாயே தவிர, போகலாமா என்று கேட்டதில்லை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இல்லை, பெருமை மட்டும் இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

நியூசிலாந்து வேலைக்கு உத்தரவு வந்த அன்று, நீ கேட்ட முதல் கேள்வியே வண்டியைப் பற்றித்தான். "அங்க லேப் ஊருக்கு வெளில இருக்குப்பா. பஸ் மணிக்கு ஒண்ணுதானாம். புதுசா ஒண்ணு வாங்கி எனக்கு ஏத்த மாதிரி மாத்த எத்தனை மாசம் ஆகுமோ. நம்ம வண்டிய கொண்டுபோக முடியுமான்னு பாருங்களேன்." படிவம் என்றால் நான்தானே. சரி என்று எடுத்துக்கொண்டேன். சென்னையில் கப்பலில் சாமான் அனுப்பும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துப் பேசினேன். மனிதர் பொறுமையாகத்தான் பேசினார். வண்டி உன் பெயரில் எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும், மாற்றிய வண்டி என்பதற்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டும், டாக்டர் சான்று வேண்டும், நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அந்த ஊர்ச் சோதனையில் மறுத்தாலும் மறுக்கலாம். அதோடு வண்டியில் ஒரு விரல்கடை மண் ஒட்டியிருந்தாலும் இறக்கவிடமாட்டார்கள் என்றார். "சார், டெல்டா வண்டியா? அப்ப நல்லாக் கழுவணும் சார். சேறு உள்ள போய் உக்காந்திருக்கும்" என்று சிரித்தார். கடைசியாக, "கஷ்டம் சார், ஆனா முடியாதுன்னு சொல்லமாட்டேன். நாலஞ்சு மாசம் ஆகும்" என்றார். இதுதான் அவர் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை, இந்த ஊரில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று கோப்பையே வாங்கவில்லை. மூன்றாம் முறை ஒரு தாள் குறைகிறது என்றார்கள். எந்தத் தாள் என்று கேட்டதற்கு, "அது உங்களுக்குத்தான் தெரியணும்" என்று பதில் வந்தது. கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன், வெயிலில் நின்றேன், எல்லாவற்றின் மீதும் வெறுப்பு வந்தது. அந்த வெறுப்போடு நேரே ஜமால் கடைக்குப் போனேன். அங்கே அவர் பேச்சுவாக்கில் சொன்னார், வலங்கைமானில் ஒரு பொண்ணு சைடு வீல் வண்டி தேடிக்கொண்டிருக்கிறது என்று. நான், "நம்ம வண்டியே இருக்கே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "பாப்பாவுக்குத் தெரியுமா சார்?" என்றார். "தெரியும், அதுதான் சொல்லிச்சு" என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

நீ அப்போது மருத்துவச் சோதனைக்காக மூன்று நாள் சென்னையில் இருந்தாய். போவதற்கு முன், கப்பலுக்கு வேண்டிய காகிதம் என்று நான் நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்தக் கட்டில் பெயர் மாற்றும் படிவமும் இருந்தது. எந்த வழியானாலும் உதவும் என்று அதையும் சேர்த்து வைத்தேன். நீ படித்துப் பார்க்கவில்லை. அப்பா வைத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தாய். நீ திரும்பி வந்ததும், "ஏஜென்ட் கண்டிப்பா முடியாதுன்னுட்டார்மா. வண்டிய சர்வீஸ் பண்ணி ஜமால் ஷெட்டுல வைக்கச் சொல்லியிருக்கேன், நீ லீவுல வரும்போது ஓட்டிக்கலாம்" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு வருடமாக உன்னை யாரும் தள்ளி நான் பார்த்ததில்லை.

அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதை எனக்குச் சொல்லமாட்டாய். அம்மாவிடம்தான் சொல்வாய், அவள் என்னிடம் பாதி சொல்வாள். கூட வேலை பார்க்கும் பெண்மணி காரில் வந்து அழைத்துப் போகிறார், அவர் வரும் நேரம்தான் உன் நேரம் என்பது தெரியும். கடைக்குப் போக சனிக்கிழமை வரை காத்திருக்கிறாய் என்பது தெரியும். போன மாதம் அந்தப் பெண்மணி வராத நாளில், மழையிலும் காற்றிலும் நீயே நடந்து போய், காலிப்பர் பட்டை உரசித் தோல் பிய்ந்து இரண்டு நாள் படுத்திருந்தாய் என்பதை அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் குரல் செய்தி வந்த மறுநாள் பஸ் ஏறி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று மாறி மாறி வலங்கைமான் போய்ச் சேர்ந்தேன். வண்டியைத் திரும்ப வாங்கிவிட்டால் நடந்ததை உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை என்பதுதான் திட்டம். பார், அப்போதும் என் புத்தி எப்படிப் போனது என்று. அந்தப் பெண்ணின் பெயர் சுகந்தி. உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். மருந்துக் கடையில் வேலை. நான் போனபோது கடை வாசலில் உன் வண்டி நின்றது. சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தாள், கண்ணாடியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. மற்றபடி உன் வண்டியேதான். ஊன்றுகோல் கொக்கியில் அவள் ஊன்றுகோல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "வாங்க சார், உக்காருங்க. அக்கா நல்லா இருக்காங்களா? அந்த ஊரு குளிரெல்லாம் ஒத்துக்கிச்சா?" என்று கேட்டு, சோடா வாங்கி வரச் சொன்னாள். நான் சுற்றி வளைத்து ஏதேதோ பேசினேன். அவள் நடுவில் நிறுத்தி, "சார், வந்ததுலேர்ந்து வண்டியையே பாத்துக்கிட்டிருக்கீங்க. திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்றாள்.

எனக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரியாமல் விற்றது, நீ கையெழுத்துப் போட்டது, இப்போது நீ கேட்பது, எல்லாம். அவள் முகம் மாறிவிட்டது. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் குரலைத் தணித்துக்கொள்ளவில்லை.

"எங்கண்ணனும் இப்படித்தான் சார். என்னைக் கேக்காமலே எனக்கு நல்லது பண்ணிக்கிட்டே இருப்பான். அவனுக்கு நேரம் இருந்தாத்தான் நான் வெளில போவேன். கல்யாணமாயி பொண்டாட்டி வந்ததும் அந்த நேரமும் போச்சு. இந்த வண்டி வந்தப்புறம்தான் நான் எந்த டூட்டின்னாலும் பாக்கறேன், எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"எனக்குப் புரியுதும்மா" என்றேன்.

"புரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டீங்களே."

நான் எழுந்தேன். வண்டி வேண்டாம், நான் வந்ததை மறந்துவிடு என்றேன். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. "பாத்தீங்களா, இப்பவும் நீங்களே முடிவு பண்றீங்க. அக்காவுக்கு வேணுமா வேணாமான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க எங்கிட்ட பேசட்டும். அவங்களுக்கு அந்த வண்டிதான் வேணும்னா நான் குடுக்கறேன், எனக்கு வேற வண்டி தேட ரெண்டு மாசம் டைம் குடுக்கட்டும். நீங்க கேட்டா மட்டும் குடுக்க மாட்டேன் சார்." இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சோடா குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேல் எனக்கிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அதைத்தான் ஏழு மாதமாக எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாள் குறைகிறது என்றார்கள், அலைக்கழித்தார்கள், வயதான காலத்தில் இவ்வளவு அலைச்சல் முடியவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு மாற்றுச் சான்றிதழுக்காகப் பத்து முறை கல்வி ஆபீசுக்கு நடந்தவன் நான், அதுவும் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகளுக்காக. உனக்காக நான்காவது முறை நடக்க முடியாதவனா? உண்மை வேறு. வண்டி கூட வராவிட்டால் உனக்கு அங்கே சிரமமாக இருக்கும், சிரமமாக இருந்தால் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருக்கட்டும். நீ கேட்காமலேயே வாசலைத் தாண்டிப் போகும்போது எனக்கு வந்த பெருமையில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்த பெண் இனி யாருக்காகவும் காத்திருக்கமாட்டாள் என்ற பயம். எவ்வளவு கேவலமான ஆசை பார், பிள்ளை காத்திருக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவது.

உன் தாத்தா பிறர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர். நாளைக்கு எந்த வயல், எத்தனை ஆள் என்று பண்ணையில் சொல்வார்கள், அவர் போவார். வாழ்நாள் முழுக்க அவரை யாரும், "உனக்கு எது தோது?" என்று கேட்டதில்லை. நான் படித்து ஆபீசில் உட்கார்ந்த அன்று, என் பிள்ளையின் விஷயத்தை இன்னொருவன் முடிவு செய்ய விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இன்னொருவன் நானாக இருப்பேன் என்று தெரியவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். உன்மேல் அன்பாக இருப்பவர்கள் நீட்டும் தாளையும் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. முக்கியமாக அவர்கள் நீட்டுவதை.

வண்டியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கேட்காமல் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன், ஆனால் கை நிற்கவில்லை. ஆறு வருடம் ஓடிய வண்டி. அங்கே சோதனையில் அந்தப் பக்கச் சக்கரங்களை ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம். ஒரு கம்பி உடைந்தால் பற்றவைக்க ஜமால் அங்கே இல்லை. நீ இருக்கும் ஊர் மேடும் பள்ளமும், நம் ஊர் மாதிரி தட்டையான பூமி இல்லை. கையாலேயே ஓட்டும்படி மாற்றிய கார் ஒன்றை அங்கேயே பார்த்தால் மழைக்கும் குளிருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் கார் ஓட்டிப் பழக மாதங்கள் ஆகும், இந்த வண்டியோ உன் கைக்குப் பழகியது. இரண்டையும் எடை போட வேண்டியவள் நீ. நம் பக்கத்துத் தாள்கள் எல்லாம் கோப்பில் அப்படியே இருக்கின்றன. பெயர் மாறிவிட்டதால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அங்கே நீ கேட்ட விதியும் இனி பொருந்துமா தெரியாது. நீ வேண்டும் என்றால், சுகந்தியும் சம்மதித்தால், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போகிறேன். வேண்டாம் என்றால் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறேன். சுகந்தியின் நம்பரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். அவளிடம் பேசு. எது முடிவானாலும் அவளிடம் பேசு, நல்ல பெண்.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கும் எதுவும் தெரியாது, ஷெட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைசி வரை படித்தாள். படித்துவிட்டு அழுவாள் அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. இது அவ கைக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்?" என்றாள். பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றேன். "அதுவரைக்கும் புள்ள வண்டி வரும்னு நெனச்சிக்கிட்டே ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவாளே, அது உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள். கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். "லெட்டரப் போடுங்க, வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி வாயத் திறந்து சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

ஆகவே நாளைக் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். அங்கே உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். இந்தக் கடிதம் வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். என் வாயில் வராமல் போனதும் இதில் இருக்கும், அதனால் படி. நாளைக்கு நான் தடுமாறுவேன், நடுவில் வேறு பேச்சுக்குத் தாவப் பார்ப்பேன், விடாதே. முழுதாகச் சொல்ல வை. அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும், நான் ஃபோனை வைக்கமாட்டேன்.

அப்பா